வருதா, போவுதா?

சினிமாவுக்கு பப் காட்சி எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றம் வரும், பிறகு லேசாகப் பயம் வரும். பாட்டே இருக்காது. நடிகர்கள் பேசுவதை அங்கேயே பதிவு செய்யவேண்டும் என்பதால், பாட்டைக் கொஞ்ச நேரம் அலறவிட்டு, ஆடுகிறவர்களின் உடம்பில் தாளம் ஏறியதும் நிறுத்திவிடுவோம். அதற்குப் பிறகு அத்தனை பேரும் சத்தமில்லாமல் ஆடவேண்டும். காலில் செருப்பு கிடையாது, சாக்ஸ்தான். வாயைத் திறந்து கத்துவார்கள், சிரிப்பார்கள், பக்கத்தில் இருப்பவரின் காதில் ஏதோ சொல்வார்கள். ஒன்றும் கேட்காது. சிவப்பு விளக்கும் நீல விளக்கும் மாறி மாறி அவர்கள் மேல் விழுந்துகொண்டிருக்கும். செத்துப்போனவர்கள் ஒன்றுகூடிக் கல்யாணம் செய்வதுபோல் இருக்கும். நான் ஒலிப்பதிவு செய்கிறவன், இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவன். ஆனாலும் அந்த நேரத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் மிஷினைத்தான் பார்ப்பேன்.

சென்ற பங்குனியில் அப்படியொரு காட்சியைக் குமாரபாளையத்துக்கு வெளியே, மூடிக்கிடந்த ஒரு தறிப்பட்டறையில் எடுத்தோம். பெங்களூரில் பப் கிடைக்காமலா போய்விட்டது என்று கேட்காதீர்கள். இயக்குநர் ஆனந்தகுமாருக்கு அது முதல் படம். முதல் படக்காரர்களில் ஒன்றுமே தெரியாதவர்கள் உண்டு, எல்லாம் தெரிந்தவர்கள் உண்டு. இவர் எல்லாம் தெரிந்தவர். "நாலு சுவரும் இருட்டும் இருந்தா எதையும் பப் ஆக்கலாம் சார்" என்றார். சொல்லக்கூடாது, அது உண்மைதான்.

தறிகளையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டிருந்தார்கள். அவை நின்ற இடங்களில், சிமெண்டுத் தரையில், போல்ட் குழிகள் மட்டும் வரிசை வரிசையாக இருந்தன. எவ்வளவு கூட்டினாலும் மேலே இரும்புச் சட்டங்களில் ஒட்டியிருந்த பழைய பஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருந்தது. ஒளிப்பதிவாளர் கிருத்திகா அதைப் பார்த்துவிட்டுப் புகை மிஷினைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். எனக்கு வேறு தலைவலி. தெரு முழுக்கப் பட்டறைகள். சுவரில் போர்வை தொங்கவிட்டுச் சத்தத்தை ஒருவாறு தடுத்தேன், தரையை என்ன செய்வது? யாரும் பேசாதபோது என் ஹெட்போனில் தரை துடித்தது. டடக், டடக், டடக். இந்தப் பட்டறையிலேயே தறிகள் இன்னும் ஓடுவதுபோல.

"அது ஓஞ்சாத்தானுங்க பயப்படோணும்" என்றார் தமிழ்ச்செல்வி.

பட்டறைச் சாவி அவரிடம்தான் இருந்தது. நாற்பத்தைந்தைத் தாண்டியவர். அந்தப் பட்டறையில் தறி ஓட்டியவர். பட்டறை மூடியதும் மற்றவர்கள் பள்ளிபாளையம், வெப்படை என்று வேறு பட்டறைகளுக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் போகவில்லை. கூட்டிப் பெருக்கி, பூட்டித் திறந்து, காவலுக்கு இருந்துகொள்கிறேன் என்று முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டாராம். எங்கள் கம்பெனி அவரையே கூட்டிப் பெருக்கவும் தண்ணீர் எடுத்துவைக்கவும் அமர்த்தியிருந்தது. முதல் நாளே என்னிடம் வந்து, "ஏனுங்க சார், உங்க பொட்டிய என்ற தறி மேலயே வெச்சுட்டீங்களே" என்று சிரித்தார். நான் மிஷின் போட்டிருந்த இடத்தில் காலைத் தூக்கிப் பார்த்தேன். போல்ட் குழிகள்.

அவருடைய பார்வை எனக்கு ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. பேசும்போது நம் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைப் பார்ப்பார். தறிச் சத்தத்தில் காது உதவாது என்பதால் பட்டறைக்காரர்கள் உதட்டைப் பார்த்தும் கையைப் பார்த்தும்தான் பேசிக்கொள்வார்கள். நானும் சேலம் அம்மாபேட்டைக்காரன்தான். ஆனால் எங்களுடையது கைத்தறி, அதன் சத்தத்தில் ஊர்வம்பே பேசலாம். இவர் வாழ்ந்தது வேறு உலகம். அதனால் ஆட்கள் சத்தமில்லாமல் ஆடுகிற அந்த நேரம் எனக்கு நிசப்தம், அவருக்கு ஒரே இரைச்சல்.

"அந்த மஞ்சச் சட்டை ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே இருக்குதுங்க. அந்தக் கட்டைமுடிப் பையன் பசிக்குது பசிக்குதுங்கறான். பொறத்தால ஒரு புள்ளை அம்மான்னு சொல்லுது. அப்பான்னும் இருக்கலாமுங்க. உதட்டுல ரெண்டும் ஒண்ணுதான்."

ஒன்றும் கேட்காத கூட்டத்தில் யாரோ அம்மாவைக் கூப்பிடுகிறார்கள் என்றால் யாருக்குத்தான் சில்லிடாது?

படப்பிடிப்பில் நாங்களும் கையால்தான் பேசுவோம். ஒருமுறை நான் பதிவுக்குத் தயார் என்று உள்ளங்கையை விரித்துத் தலைக்கு மேல் தூக்கினேன். தூரத்தில் தண்ணீர்க் குடத்தோடு நடந்துகொண்டிருந்த தமிழ்ச்செல்வி குடத்தைப் போட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்தார். தரையெல்லாம் தண்ணீர், ஆனந்தகுமார் தலையில் அடித்துக்கொண்டார். தமிழ்ச்செல்விக்கு வெட்கமாகிவிட்டது.

"தறியில அப்படித்தானுங்க சார். நூலு அறுந்தா வேற கைச்சாடை. கை மாட்டிக்கிச்சு, கரண்டு அடிக்குதுன்னா கையத் தூக்கி நிறுத்துவோம். பாத்தவங்க தறிய நிறுத்திப்போட்டு ஓடியாரோணும். பழக்கம் உடுல."

நாங்கள் எடுத்த காட்சி இதுதான். கதாநாயகன் பப்பில் கூட்டத்துக்கு நடுவே நிற்கிறான். வாசலில் அவன் மனைவி வந்து நிற்கிறாள். பாட்டின் இரைச்சலில் அவனுக்குக் கேட்காத ஒரு சொல்லைச் சொல்கிறாள். "வரேன்." அதன் பிறகு அவளை அவன் பார்க்கவே போவதில்லை. மனைவியாக நடித்தவர் மோனிஷா, சென்னைப் பெண்.

காலையில் கிருத்திகா கேமராவைத் தண்டவாளத்தில் ஏற்றி மோனிஷாவை நோக்கி மெல்ல நகர்த்தினார். முகத்தில் நேராக விழும்படி செம்மஞ்சள் வெளிச்சம். மானிட்டரில் அதை ஓடவிட்டு மேலே பாட்டைப் போட்டுக் காட்டினேன். பார்த்தால், அடுத்த நொடி அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவனிடம் வந்துவிடுவாள் போலிருந்தது. ஆனந்தகுமார் உதட்டைப் பிதுக்கினார். அடுத்த முறை கேமரா பின்வாங்கியது. முன்விளக்கை அணைத்துப் பக்கவாட்டில் ஒரு நீலத்தை மட்டும் வைத்தார்கள். "சார், உதடு அசையும்போது பாட்டை அறுத்துடுங்க. மூச்சு மட்டும் போதும்" என்றார் ஆனந்தகுமார். அறுத்தேன். முகத்தில் பாதி இருட்டில் போக, அவள் சிறிதாகிக்கொண்டே போக, இருந்த இரைச்சல் சட்டென்று இல்லாமல் போக, அதே சொல் விடைபெறுவதாகிவிட்டது. உதடு அதேதான். நடிப்பும் கிட்டத்தட்ட அதேதான். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து, வந்துகொண்டிருந்தவளைப் போகிறவளாக மாற்றிவிட்டோம்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏனுங்க, அந்தப் புள்ளை வருதுங்களா, போவுதுங்களா?"

"அதாம்மா படமே!" என்று ஆனந்தகுமார் குதிக்காத குறை. தமிழ்ச்செல்வி சிரிக்கவில்லை. இன்னொரு தடவை போடச் சொல்லி அவர் கேட்ட விதத்தில் மறுக்க முடியவில்லை, போட்டேன். மறுபடியும் கேட்டார், மறுபடியும் போட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இலையில் கை வைக்கவில்லை.

அவருக்கு ஒரே மகள், நர்மதா. கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். கணவர் பெயர் சென்னிமலை, ரிக் வண்டியில் போர்வெல் போட வடக்கே போய்விடுகிறவர், வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் அதிசயம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், இவர் இந்தத் தறியில் நின்றுகொண்டிருக்கும்போது நர்மதா பட்டறை வாசலுக்கு வந்திருக்கிறாள். உள்ளே வரவில்லை. ஒருமுறை திரும்பி வெளியே பார்த்தாள். கையைத் தூக்கி, "வாரேன்" என்றாள். தறிச் சத்தத்தில் குரல் கேட்கவில்லை, உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டாராம். இவரும் சரி என்று தலையாட்டிவிட்டு குறுக்கு நூல் ஓடும் நாடாவை மாற்றக் குனிந்திருக்கிறார். நிமிர்ந்தபோது வாசலில் யாரும் இல்லை. அவ்வளவுதான். வீட்டுக்கும் வரவில்லை, எங்கும் வரவில்லை. போன் அன்றைக்கே அணைந்துவிட்டது.

எங்கள் பக்கம் கிளம்பும்போது யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை. சொன்னால் அபசகுனம். கடைக்குப் போகிறவனும் 'வாரேன்', கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போகிறவளும் 'வாரேன்'. போலீஸ் ஸ்டேஷனில் கேட்டபோது இவர் நடந்ததைச் சொன்னார், "வாரேன்னு சொல்லிட்டுப் போனாளுங்க." அம்மாவிடம் சொல்லிக்கொண்டுதானே போயிருக்கிறாள், வயது வந்த பெண், தானாகத்தான் போயிருக்கிறாள் என்று அவர்கள் அத்தோடு விட்டுவிட்டார்கள். வெளியே எவனோ நின்றிருக்கிறான், அதனால்தான் திரும்பிப் பார்த்தாள் என்று ஊர் பேசிக்கொண்டது. சென்னிமலை மகளின் பேரை எடுப்பதையே விட்டுவிட்டார்.

"ஆனா சார், இந்தா வாரேன்னு சொன்னாளா, போயிட்டு வாரேன்னு சொன்னாளா? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும்."

"ரெண்டுக்கும் என்னங்கம்மா வித்தியாசம்?" என்று கேட்டுவிட்டேன். என் வாயை என்ன சொல்ல.

"இந்தா வாரேன்னு சொல்லியிருந்தா, எங்கிட்ட வாரதுக்குள்ள அவளுக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு அர்த்தமுங்க. போயிட்டு வாரேன்னு சொல்லியிருந்தா, என்னைய உட்டுப்போட்டு அவளாத்தான் போயிருக்கா. அப்படியே இருக்கட்டுமுங்க. எங்கியோ சோறு தின்னுக்கிட்டு உசுரோட இருப்பாளல்ல?"

பெற்ற மகள் தன்னை வெறுத்து உதறிவிட்டுப் போயிருக்கவேண்டும் என்று ஒரு தாய் வேண்டிக்கொள்வதை நான் அன்றுதான் பார்த்தேன். காலையில் இரண்டாவதாக எடுத்த ஷாட்டைச் சொல்லி, "அப்படித்தாங்கம்மா இருந்திருக்கும். போயிட்டு வரேன்னுதான் சொல்லியிருக்கும்" என்றேன். ஏதோ மருத்துவர் சொன்னதுபோல் அதைக் கேட்டுக்கொண்டார். பிறகு இலையில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டார்.

சாயங்காலம் ஆனந்தகுமாருக்கு இரண்டுமே பிடிக்காமல் போய்விட்டது. உதடு தெரிந்தால் பார்க்கிறவன் சொல்லைக் கண்டுபிடித்துவிடுவான், கண்டுபிடித்தால் நிம்மதியாகிவிடுவான் என்றார். எல்லாம் தெரிந்தவர்களும் எப்போதாவது சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். கிருத்திகா, அதுவரை கறுப்புத் துணி போட்டு மூடியிருந்த பெரிய வாசலைத் திறக்கச் சொன்னார். மேற்குப் பார்த்த வாசல். இறங்கு வெயில் அப்படியே உள்ளே பாய்ந்தது. பஞ்சும் புகையும் அந்த வெளிச்சத்தில் தொங்கி நின்றன. மோனிஷா வாசலில் போய் நின்றதும் முகம் போய்விட்டது. கண் இல்லை, வாய் இல்லை. ஆள் வடிவத்தில் ஒரு கறுப்பு.

"நேரா நின்னா வெறும் கம்பம் மாதிரி இருக்கு. ஒருதரம் திரும்பி வெளிய பாருங்க, அப்பத்தான் மூக்கு தெரியும். வாய் தெரியாது, அதனால கையைத் தூக்குங்க" என்றார் கிருத்திகா. வேறு எதையும் நினைத்து அவர் அதைச் சொல்லவில்லை. மதியம் தமிழ்ச்செல்வி என்னிடம் சொன்ன கதை அவருக்குத் தெரியாது.

தமிழ்ச்செல்வி என் பக்கத்தில் நின்றிருந்தார். தன்னுடைய தறி இருந்த இடத்தில். ஒத்திகையில் மோனிஷா திரும்பிப் பார்த்தார், கையைத் தூக்கினார். உள்ளங்கை வெயிலில் கறுப்பாக விரிந்து அசையாமல் நின்றது.

"வாயி தெரியிலீங்களே" என்றார் தமிழ்ச்செல்வி.

"வெயில் பின்னால இருந்து வருதுல்லங்கம்மா. தெரியாது."

"எப்பவுமே தெரியாதுங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் ஆனந்தகுமார் கத்தினார், "கட் சொல்ற வரைக்கும் எது நடந்தாலும் ஆட்டத்தை நிறுத்தக்கூடாது!" பாட்டு அலறியது. தாளம் ஏறியது. பாட்டு நின்றது. கூட்டம் சத்தமில்லாமல் ஆடியது. வாசலில் அந்தக் கறுப்பு உருவம் வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் கரண்ட் போனது. நாங்கள் ஜெனரேட்டரில் இருந்ததால் எங்கள் விளக்குகள் அணையவில்லை. ஆனால் சுற்றியிருந்த பட்டறைகள் அத்தனையும் ஒரே மூச்சில் நின்றன. என் ஹெட்போனில் காலையிலிருந்து துடித்துக்கொண்டிருந்த தரை ஓய்ந்தது. அப்படியொரு நிசப்தத்தை நான் என் தொழிலில் கேட்டதில்லை. உருவம் திரும்பி வெளியே பார்த்தது. கையைத் தூக்கி நிறுத்தியது.

ஹெட்போனில் வெறுங்கால் ஓசை கேட்டது. சாக்ஸ் போடாத கால். நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்தில் தமிழ்ச்செல்வி இல்லை.

கூட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தார். யாரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை, நிறுத்தக்கூடாது என்று சொல்லியிருந்தோமே. சிவப்பும் நீலமுமாக வாயைப் பிளந்துகொண்டிருந்த முகங்களுக்கு நடுவே, தறிகளுக்கு இடையில் இருந்த சந்தில் போகிறவர்போல், உடம்பை ஒடுக்கிப் பக்கவாட்டாக நடந்தார். தறிகள் அங்கே இல்லை. ஆனால் எங்கே வளையவேண்டுமோ அங்கே வளைந்தார். ஆனந்தகுமார் வாய் திறந்து நின்றார், கட் வரவில்லை. பிறகு என் காதுக்குள், என் காதுக்குள் மட்டும், தமிழ்ச்செல்வியின் குரல் வந்தது.

"வாரேன். வாரேன் சாமி. இந்தா வாரேன்."

மோனிஷா தூக்கிய கையை இறக்கவில்லை. தமிழ்ச்செல்வி கிட்டே போய் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டார். முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மோனிஷாவைத் தாண்டி வாசலுக்கு வெளியே தலையை நீட்டி எட்டிப் பார்த்தார். நானும் ஓடிப்போய் அவர் பின்னால் நின்று பார்த்தேன். அந்தச் சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை. அந்தப்புறம் ஆள் உயரத்துக்கு மரவள்ளிக் காடு. காற்றே இல்லை, ஆனாலும் நடுவில் ஓரிடத்தில் இலைகள் அசைந்துகொண்டிருந்தன. நாயோ பெருச்சாளியோ, தெரியாது.

"என்ற புள்ளை தறிக்காரி இல்லீங்களே சார். அன்னிக்குக் கையத் தூக்குனப்ப டாட்டா காட்டறான்னு நெனச்சுப்போட்டேன். கெளம்பறவங்க வாரேன்னுதானே சொல்லுவாங்க, அவளும் சொன்னான்னு நானாவே பாத்துக்கிட்டேன். அன்னிக்கும் இந்த வாசல்ல இதே வெயிலு, வாயே தெரியிலீங்க. மூணு வருசமா இல்லாத வாயப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

அவர் அழவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மதியம் பெரிய மனிதன்போல் அவருக்கு ஆறுதல் சொன்ன வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். ஆனந்தகுமார் அருகே வந்து, ரொம்ப அற்புதமான ஷாட், அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று ஏதோ ஆரம்பித்தார். அவரை நான் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். அன்றைக்கு அதன் பிறகு என் மிஷினை நான் போடவில்லை.

தமிழ்ச்செல்வி முகம் கழுவிக்கொண்டு, பட்டறைச் சாவியைப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டு, ஸ்டேஷனுக்குப் போகவேண்டும் என்றார். எங்கள் வண்டியில் நானே கூட்டிப்போனேன். வழியெல்லாம் அவர் என் வாயைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக மரவள்ளிக் காடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஸ்டேஷனில் இருந்தவர் புதியவர், பொறுமையாகத்தான் கேட்டார். "உங்க பொண்ணு வாரேன்னு சொல்லிட்டுப் போனதா நீங்களே அப்ப சொல்லியிருக்கீங்களேம்மா. இப்ப சொல்லலைங்கறீங்க. அப்ப என்னதான் சொல்லிச்சு?"

தமிழ்ச்செல்வி உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து எழுந்தார். உள்ளங்கையை விரித்துத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்திக் காட்டினார்.

"தறிய நிறுத்தச் சொன்னாளுங்க" என்றார். "நாந்தான் நிறுத்துல. சரின்னு தலையாட்டிப்போட்டேன்."